மழை விட்ட பின்

சென்ற கிழமை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினான். பனிமலை ஏறுவோரைப் பற்றிய நூலொன்றை அவன் படித்திருக்கிறான். அதிலே இரண்டு நாட் பனிப்புயல் ஓய்கிறது. மூன்றாம் நாட் காலையில் வானம் நீலமாகத் தெளிந்து, ஞாயிறு பொன்போல ஒளிவிடுகிறது. புறப்படுவதற்கு இதனினும் நல்ல நாள் வேறுண்டோ? ஆயின் வழிகாட்டி, “இன்று ஒருவரும் கூடாரத்தை விட்டு நகரலாகாது” என்று தடுத்துவிடுகிறான். “புயல் அடித்தபோது அஞ்சியது சரி, ஐயா, ஓய்ந்த பின்பும் அஞ்சுவானேன்?” என்பது மாணவனின் கேள்வி.

வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. சிரிப்பதற்குக் காரணம் உண்டு. மன்னார்த் தீவிலே பனி என்றால் மார்கழியிலும் தையிலும் விடியற்காலை பனையோலையிலிருந்து சொட்டும் பனிதான். மலையென்று சொல்லத்தக்க மேடு இம்மாவட்டத்தில் இல்லை.  ஆயினும் அந்த வினா நம்மூருக்கு மிகவும் வேண்டிய வினா என்று எனக்குத் தோன்றிற்று. ஆதலின் வகுப்பிற் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் பனிமலை. மலைச்சரிவிலே கிடக்கும் பனி ஒரே பாளமன்று. மாரிகாலம் முழுவதும் ஒவ்வொரு பொழிவும் ஒவ்வொரு படையாக விழுந்து, புத்தகத்தின் ஏடுகள்போல ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கிறது. அப்படைகள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. ஒன்று காற்றால் இறுகியது. ஒன்று வெயிலில் உருகி மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் ஆனது. மற்றொன்று சீனிபோல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாய் உதிர்வது. இந்த உதிரிப் படையே பகை. அதன்மேல் புதுப்பனியின் பாரம் ஒரே இரவில் இரண்டடி மூன்றடி ஏறிவிட்டால், கீழுள்ள நொய்ந்த படை அதனைத் தாங்கியும் தாங்காமலும் நிற்கும். அந்நிலையில் ஒரு மனிதனின் காலடி போதும். மேற்பாளம் முழுவதும் அறுந்து ஒருங்கே வழுக்கி இறங்கும். இதனையே பனிச்சரிவு என்கிறோம். 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே இதற்கு ஏற்றவை. அதனினும் செங்குத்தான இடத்திற் பனி தங்குவதில்லை. தட்டையான இடத்தில் அது வழுக்குவதில்லை. புயலின்போதும், அது ஓய்ந்தபின் ஓரிரு நாட்களிலும் இச்சரிவுகள் மிகுதி. பனிச்சரிவில் இறப்போரிற் பெரும்பாலோர் தாமோ தம் தோழரோ அப்பனியை மிதித்து அறுத்தவரே என்பது வியப்பூட்டும் செய்தி.

அறிந்தோர் வானத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. மண்வெட்டியால் பனியிலே ஒரு குழி தோண்டிப் படைகளை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். ஓரடி அகலமுள்ள பனித்தூண் ஒன்றைத் தனியே செதுக்கி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து எனத் தட்டுகிறார்கள். எத்தனையாவது தட்டில் எந்தப் படை வழுக்குகிறது என்பதே கணக்கு. மேலும், நடக்கும்போது காலடியில் ‘தொம்’ என்று ஓர் அடங்கிய ஒலி கேட்டாலோ, பனியில் வெடிப்பொன்று பாய்ந்து ஓடினாலோ, சோதனையே வேண்டாம், திரும்பிவிடவேண்டியதுதான்.

தமிழர்க்கும் இப்பனிக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடவேண்டாம். 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள், சியாச்சின் பனியாற்றில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த காவல் நிலையம் ஒன்றின்மேல் பெரும் பனிப்பாளம் சரிந்து வீழ்ந்தது. அங்கே புதையுண்ட பத்துப் போர்வீரரும் மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் அணியைச் சேர்ந்தவர்கள்; அவர்களில் நால்வர் தமிழகத்துப் பிள்ளைகள். ஆறு நாட்களின் பின் ஒருவர் உயிரோடு எடுக்கப்பட்டார். அவரும் பெப்ரவரி 11ஆம் நாள் காலமானார். நூறு பாகை வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் பனிக்கு இரையானார்கள் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

இனி நம்மூர்.

மன்னாரில் புயல் என்றவுடன் முதியோர் வாயில் முதலில் வருவது 1964. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் வவுனியா, மன்னார்ப் பக்கமாக இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியைத் தாக்கியது. பயணிகளோடு கடலில் மறைந்த புகைவண்டியையும், ஒரே இரவில் அழிந்த ஊரையும் நம் வாசகர்கள் அறிவார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னார் இறங்குதுறைக்கும் இடையே ஓடிய கப்பலும் அன்றோடு நின்றது. பின்னர் அது இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1984இல் அதுவும் நின்றுபோயிற்று. அப்புயலைப் பற்றி எழுதியோர் பலர். நான் இங்கே கருதுவது புயலை அன்று. அதற்கு அடுத்த நாட்களை.

கடற்றொழிலாளர் இதனை நன்கு அறிவர். காற்று அடங்கிய மறுநாள் கடல் தட்டையாய்த் தோன்றும். ஆயின் தொலைவிலே நகர்ந்துவிட்ட புயலின் நெடுந்திரைகள் இன்னும் வந்துகொண்டிருக்கும். மேலும் தலைமன்னாருக்கு அப்பால் இராமர் அணை எனப்படும் மணல் தீடைகள் இருந்த இடத்தில் இருப்பதில்லை; நேற்று வள்ளம் சென்ற ஆழத்திலே இன்று மணல் கிடக்கும். கரையிலோ, அலை அரித்த மணல் சுவர்போல நிற்கும். அதன் விளிம்பிலே சிறுவர் நின்று கடல் பார்ப்பார்கள். அச்சுவர் ஈரம் உள்ளவரை நிற்கும். வெயிலில் உலர்ந்தவுடன் உதிரும். வெயில் வந்தது நன்மையென்று நாம் எண்ணும் வேளையே அதற்குக் கேடுவேளை.

இதனினும் பெரிய செய்தி ஆற்றைப் பற்றியது. நம் அருவியாறு, மேலே மல்வத்து ஓயா என்ற பெயருடன், ரிட்டிகல மலைப்பக்கம் தோன்றி, அநுராதபுரத்தைத் தழுவி, 164 கிலோமீற்றர் நடந்து, வங்காலைக்கும் அரிப்புக்கும் இடையே கடலிற் சேர்கிறது. இலங்கையின் நீளமான ஆறுகளில் மகாவலிக்கு அடுத்தது இதுவே. அநுராதபுரத்திற் பெய்த மழை நமக்கு அன்றே வந்துவிடாது. இடையிலுள்ள குளங்கள் நிரம்பி, வான் பாய்ந்து, காடும் வயலும் நனைந்து, அதன் பின்னரே வெள்ளம் இறங்கும். மன்னாரிலே வெயில் எறித்து, துணி உலர்த்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நாளன்று ஆறு தன் உச்சத்தை அடையக்கூடும். நம் தலைக்கு மேலுள்ள வானம் நம் ஆற்றின் வானமன்று. இவ்வொரு செய்தியை எம் மாவட்டத்துப் பிள்ளைகள் புவியியற் பாடத்திலே மனத்திற் பதித்துக்கொண்டால் போதும். பரீட்சையில் வேறு எதனை மறந்தாலும் நான் மன்னித்துவிடுவேன்.

அவ்வாற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் மறித்து, கால்வாய் வழியாக நீர் கொணர்ந்து நிரப்பப்படுவதே கட்டுக்கரைக்குளம். பண்டை அரசர் காலத்து ஆக்கம். நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த இக்குளத்தைக் கண்ட எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி, மட்டம் பிழைபடக் கணித்ததால் பயனற்றுப்போன குளமென்று தம் நூலில் எழுதிவிட்டார். பிற்காலத்தில் முறையாக அளந்து பார்த்த பொறியியலாளர், பிழைத்தது பழைய கட்டுநர் மட்டமன்று என்று கண்டனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குளம் மீண்டும் நீர் கண்டது. பார்வையால் முடிவு செய்தவரும் அளந்து முடிவு செய்தவரும் எவ்வாறு வேறுபட்டனர் பாருங்கள்! இன்று முருங்கன், உயிலங்குளம், அடம்பன் பக்கத்துக் காலபோக வயல்கள் இக்குளத்தையும், இதன் நீரைப் பெறும் எண்ணிறந்த சிறு குளங்களையும் நம்பியிருக்கின்றன.

குளக்கட்டு என்பது மண்படைகளின் அடுக்கு. பனிமலைச் சரிவும் அதுவே. வேறுபாடு, அங்கே பாரம் பனி; இங்கே பாரம் நீர். கட்டுக்குள்ளே நீர் சிறிது கசிவது இயல்பு. கசியாத மண்கட்டு உலகில் இல்லை. ஆயின் கறையான் புற்று, உடும்பு வளை, பட்டுப்போன மரத்தின் உக்கிய வேர், கோடையில் விழுந்த வெடிப்பு ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு கசிவு ஒரு வழியை அமைத்துக்கொள்ளும். அவ்வழியே நீர் மண்ணையும் அரித்துச் செல்லத் தொடங்கினால், கட்டின் வயிற்றிலே ஒரு குழாய் உருவாகும். மேலே புல் பசுமையாக இருக்கும், வண்டி போகும், ஒன்றும் தெரியாது. குளம் நிறைந்து பல நாள் நின்ற பின்னரே அக்குழாய் முற்றுப்பெறும். 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் அநுராதபுரத்துக்கு அருகேயுள்ள நாச்சாதுவைக் குளம் உடைந்தது. அது கொட்டும் மழைக்காலம். 1986ஆம் ஆண்டு கந்தளாய்க் குளம் உடைந்ததோ ஏப்ரல் 20ஆம் நாள் விடியற்காலையில். அன்று எந்தப் புயலும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மலைநாட்டிலும் இதே கதை மண்ணில் நடக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர், வீட்டிலிருந்தோர் புதைந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலில் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டு மண்சரிவுகள் கொண்டுபோன உயிர்கள் அவற்றுட் பல. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் விழித்திருக்கவும், 150 கடந்தால் இடம் பெயரவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை வகுத்திருக்கிறது. அளவு இருக்கிறது, அதனைக் கேட்டு வீட்டை விட்டு எழும்ப மனம் வருவதுதான் அரிது. இதனை நான் பிறரைக் குறைகூறி எழுதவில்லை. என் சொந்த அனுபவத்தைச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி. முருங்கன் பக்கத்துச் சிறு குளம் ஒன்றின் கீழே என் தாய்மாமனுக்கு வயல். அக்குளக்கட்டின் அடியிலே இருபதுக்குக் குறையாத வீடுகள். அவற்றுள் ஒன்று என் தங்கையுடையது. நான்கு நாட் பெருமழை ஓய்ந்த காலையில் நான் போய்ச் சேர்ந்தேன். குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. மாமா கட்டின் வெளிப்புற அடிவாரத்திலே, சேற்றில் வெறுங்காலோடு, ஒவ்வோர் அடியாக மிதித்து நடந்துகொண்டிருந்தார். வயது எழுபதைக் கடந்தவர்.

“மழை விட்டிட்டுது, மாமா. வாருங்கோ, வீட்டை போவம்” என்றேன்.

“மழை விட்டது வானத்திலை, தம்பி. கட்டுக்குள்ளை இன்னும் விடேல்லை” என்றார்.

ஓரிடத்தில் அவர் கால் நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு நீர் குமிழியிட்டு ஊறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எறும்புப் புற்றைப்போல நுண்மணல் வளையம். மாமா ஒரு சோடாப் போத்தலில் அந்நீரை முகந்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். தேநீர்போலக் கலங்கியிருந்தது. அவர் முகம் மாறிற்று. உடனே கிராம அலுவலருக்கும் கமநல நிலையத்துக்கும் ஆள் போயிற்று. கீழ்வீட்டார் அனைவரும் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்.

இளைஞர்கள் களிமண் கொணர்ந்து அந்த ஊற்றை அடைக்க முற்பட்டனர். நானும் அதுவே சரியென்று நினைத்தேன். மாமா தடுத்துவிட்டார். வாயை அடைத்தால் நீர் வேறு வாய் தேடும்; அது எங்கே திறக்கும் என்பது நமக்குத் தெரியாது. ஊற்றைச் சுற்றி மண்மூடைகளை வட்டமாக அடுக்கி, நடுவே பருமணலும் அதன்மேற் சல்லியும் பரப்பச் செய்தார். நீர் போகட்டும், மண் போகலாகாது. பௌதிகவியல் படித்த எனக்கு வடிகட்டி என்பதன் பொருள் அன்றைக்கே விளங்கிற்று. வட்டத்துக்குள் நீர்மட்டம் உயர, குளத்து நீருக்கு எதிரழுத்தம் கிடைத்து, ஊற்றின் வேகமும் தணிந்தது.

மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. தங்கை பள்ளிக்கூட வாயிலில் என்னைக் கண்டு, “அண்ணா, வெயில் எறிக்குது. பிள்ளையளை எத்தினை நாளைக்கு வாங்கிலை படுக்கவைக்கிறது? கோழியும் ஆடும் அங்கை கிடக்குது. நீங்கள் மாமாவிட்டை சொல்லுங்கோ” என்றாள். அவள் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. மாமாவிடம் போய், படித்தவன் என்ற தோரணையோடு பேசினேன். வானிலை அறிக்கையில் இனி மழையில்லை என்றும், நீர் இறங்கத் தொடங்கிவிட்டது என்றும் எடுத்துரைத்தேன். அவர் விடை சொல்லவில்லை. போத்தலை என் கையில் தந்தார். முதல் நாளைவிடத் தெளிவுதான். ஆயினும் அடியிலே ஒரு விரற்கடை வண்டல் தங்கியிருந்தது.

“இதைக் குடிப்பியே?” என்றார். நான் பேசாமல் திரும்பினேன்.

அன்றிரவு எங்கள் எல்லாரையும் போலப் பொறுமையிழந்த யாரோ, குளத்தை விரைவில் வடித்துவிடலாம் என்று துருசை முழுவதும் திறந்துவிட்டார்கள். மாமா நாளுக்குச் சிறிது சிறிதாகவே திறக்கச் சொல்லியிருந்தார். காரணம் எளிது. நிறைகுளத்தின் நீர், நனைந்த கட்டை உட்புறத்திலிருந்து தாங்கிக்கொண்டும் நிற்கிறது. நீர் மெல்ல இறங்கினால் மண்ணுக்குள் ஊறியதும் கூடவே இறங்கும். விரைந்து இறங்கினாலோ தாங்கிய கை போய்விடும். மண்ணோ நீர் சுமந்தபடி நிற்கும். விடியுமுன் கட்டின் உட்சரிவிலே, ஒரு மாட்டுவண்டி நீளத்துக்கு மண் அறுந்து குளத்துக்குள் வழுக்கியிருந்தது. வெள்ளி காலித்த தெளிந்த வானம். ஓர் இலை அசையவில்லை. கட்டின் மேற்பரப்பில் பாதி அகலம் போய்விட்டது. அந்த வெடிப்பின் ஓரத்தில் நின்று, நான் முந்திய நாள் மாமாவிடம் பேசிய பேச்சை நினைத்துக்கொண்டேன்.

துருசு பாதி மூடப்பட்டது. சரிந்த இடத்திலே பகலெல்லாம் மூடை அடுக்கினோம். கமநல நிலையத்திலிருந்து உழவு இயந்திரமும் ஆட்களும் வந்து சேர்ந்தனர். தங்கை இம்முறை ஒன்றும் கேட்கவில்லை; ஆண்களுக்குத் தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போனாள்.

சென்ற கிழமை வகுப்பில் இக்கதையை நான் சொல்லி முடித்தபோது, வினாத் தொடுத்த மாணவன், “அந்தப் பனிமலை வழிகாட்டி எத்தனை நாள் காத்திருப்பார், ஐயா?” என்று மறுபடியும் கேட்டான். நாளை எண்ணிச் சொல்ல இயலாது என்றேன். புதுப்பனி அடியிலுள்ளதோடு ஒட்டி இறுக ஓரிரு நாளும் போதும். நொய்ந்த படை ஆழத்திற் கிடந்தால் கிழமைக்கணக்கும் ஆகும். ஆதலின் அவன் ஒவ்வொரு நாளும் குழி தோண்டிப் பார்ப்பான்.

மாமாவின் குழி அந்தப் போத்தல். ஐந்தாம் நாட் காலையில் எடுத்த நீரை அவர் நெடுநேரம் வெயிலில் வைத்துப் பார்த்தார். அடியில் ஒன்றும் தங்கவில்லை. பின் அதனை நிலத்தில் ஊற்றிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து விடு, தம்பி” என்றார்.